ஒளிமானி தவறாகக் காட்டும்போது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் பழைய கையடக்க ஒளிமானியையோ (படமெடுப்பதற்காக ஒளியை அளக்கும் கருவி), ஒளிமானி உள்ளமைந்த பழைய பிலிம் கேமராவையோ வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, அது சரியாகக் காட்டுகிறதா என்பதைத்தான். புதிய டிஜிட்டல் கேமரா வைத்திருப்பவர்களும், கல்யாண மண்டபத்திலோ பத்துமலையிலோ எடுத்த படங்கள் இருண்டோ வெளுத்தோ வரும்போது, அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்கிறார்கள். இரு சாராரும் முதலில் பார்க்க வேண்டியது தவறின் அளவை அன்று. அந்தத் தவறு எதைப் பொறுத்து மாறுகிறது என்பதையே. எல்லாப் படங்களும் ஒரே அளவுக்குத் தவறியிருந்தால் ஏதோ ஓர் அமைப்பு மாறியிருக்கிறது. எடுக்கும் பொருளுக்கேற்பத் தவறு மாறினால் ஒளிமானி நலமாகவே இருக்கிறது, அளக்கும் முறையைத்தான் திருத்த வேண்டும். ஒளியின் வலிமைக்கேற்ப மாறினால் பேட்டரியையோ ஒளியுணர் செல்லையோ ஐயுறலாம். குறிப்பிட்ட ஷட்டர் வேகங்களில் மட்டும் தவறினால் குற்றம் ஷட்டருடையது. ஒரே காட்சியின் அடுத்தடுத்த படங்கள் வேறுபட்டால் விளக்குகளைப் பார்க்க வேண்டும்.

முதலில் ஓர் ஒப்பீடு

அறிகுறிகளுக்குள் போகுமுன், ஒளிமானியை நம்பகமான ஓர் அளவோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. ஒரே நிறமான, பளபளப்பில்லாத ஒரு சுவர் போதும். டிஜிட்டல் கேமராவை ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன் எண்) 100இல் வைத்து, சுவர் மட்டுமே சட்டம் (படத்தில் விழும் பரப்பு) முழுவதையும் நிரப்பும்படி நின்று அளந்து, அதே இடத்தை அதே திசையிலிருந்து ஒளிமானியாலும் அளக்க வேண்டும். உங்கள் நிழல் சுவரில் விழக் கூடாது. இதைத் திறந்தவெளி நிழலிலும், ஜன்னலோர அறையிலும், இரவில் ஒரே ஒரு விளக்கெரியும் அறையிலுமாக மூன்று ஒளிநிலைகளில் செய்து, கிடைக்கும் வேறுபாடுகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் மட்டும் ஒப்பிட்டு முடிவு கட்டுவதில் பயனில்லை, ஏனெனில் மூத்துப்போன செல் நடுத்தர ஒளியில் ஒழுங்காக இருந்துகொண்டே இரு முனைகளிலும் தவறக்கூடும்.

ஒப்பிட வேறு கருவி இல்லாதவர்களுக்குச் சூரியன் இருக்கிறது. தெளிந்த வெயிலில் லென்ஸின் எஃப்/16 துளைக்கு ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழாக இருக்கும் என்ற பழைய விதிப்படி, ஐஎஸ்ஓ 100க்கு ஏறத்தாழ 1/125 நொடி வரும். ஒளிமானியின் இ.வி. (துளையையும் வேகத்தையும் சேர்த்துச் சொல்லும் ஒரே எண்) அளவுகோலில் இது 15. விழும் ஒளியின் அலகான லக்ஸ் கணக்கில் சுமார் 82,000. ஆனால் இந்த விதியை நம் ஊரில் நண்பகலில் சோதிக்கக் கூடாது. அப்போது சூரியன் உச்சந்தலைக்கு மேலே இருப்பதால், நிமிர்ந்து நிற்கும் முகத்தின்மீதும் சுவரின்மீதும் ஒளி சாய்ந்தே படுகிறது, அளவும் குறைவாகவே வரும். காலை ஒன்பது, பத்து மணிக்கு, முதுகில் வெயில் படும்படி நின்று அளக்க வேண்டும். புகைமூட்டமுள்ள மாதங்களை விட்டுவிடுங்கள். தரையில் விழும் நிழலின் விளிம்பு கூர்மையாக இல்லாத நாளில் விதி பொருந்தாது.

வெண்மையும் கருமையும் சாம்பலாக வருகின்றன

இதுவே மிகப் பரவலான அறிகுறி. ஆனால் இதைக் கோளாறு என்று சொல்வதற்கில்லை. கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி, பொருளிலிருந்து திரும்பி வரும் ஒளியை மட்டுமே அளக்கிறது. மங்கிய ஒளியில் இருக்கும் வெள்ளை வேட்டியிலிருந்தும், வெயிலில் இருக்கும் கரும்பாறையிலிருந்தும் ஒரே அளவு ஒளி வந்தால், இரண்டையும் பிரித்தறிய அதற்கு வழியில்லை. ஆகவே எதைக் காட்டினாலும் அது வெண்மைக்கும் கருமைக்கும் இடைப்பட்ட நடுச்சாம்பல் என்று எடுத்துக்கொண்டு, அதை நடுச்சாம்பலாகப் பதிவு செய்வதற்கான துளையையும் வேகத்தையும் சொல்கிறது. வேட்டி சட்டம் முழுவதையும் நிரப்பினால் அழுக்குச் சாம்பலாகவும், கரும்பாறை நிரப்பினால் வெளுத்த சாம்பலாகவும் வருவது இதனால்தான்.

எனவே வெண்மையானதை அளந்தால் ஒளிமானி சொல்வதற்கு மேல் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் கூட்ட வேண்டும் (ஒரு ஸ்டாப் என்பது ஒளியை இரட்டிப்பது அல்லது பாதியாக்குவது). கருமையானதை அளந்தால் அதே அளவு குறைக்க வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்களின் கை இதற்கு எதிர்த்திசையில்தான் போகும்: பளிச்சென்று இருக்கிறதே என்று ஒளியைக் குறைப்பார்கள், படம் மேலும் இருண்டுவிடும். நிக்கான் 1983இல் எஃப்ஏ கேமராவில் சட்டத்தை ஐந்து பகுதிகளாகப் பிரித்து அளக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகு, இந்தத் திருத்தத்தின் ஒரு பகுதியைக் கேமராக்களே செய்யத் தொடங்கின. வழக்கமான காட்சிகளில் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் எந்த இடத்தில் எவ்வளவு திருத்தியது என்று அது சொல்வதில்லை. பிழை தேடும்போது அதை நிறுத்திவிட்டு மையப்பகுதி அளவீட்டுக்கோ, ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் புள்ளி அளவீட்டுக்கோ மாறிக்கொள்வது நல்லது.

பத்துமலை முருகன் சிலையை எடுத்துக்கொள்வோம். 2006இல் திறக்கப்பட்ட, 42.7 மீட்டர் உயரமுள்ள அந்தப் பொன்வண்ணச் சிலை, காலை வெயிலில் அங்கங்கே கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பி அடிக்கிறது. பின்னால் இருக்கும் சுண்ணாம்புக் குன்றோ மரம் செடிகளோடு இருண்டு கிடக்கிறது. அருகிலிருந்து சிலையால் சட்டத்தை நிரப்பி அளந்தால் பொன் செம்பாகிவிடும். தள்ளி நின்று குன்றையும் சேர்த்து அளந்தால் சிலை வெளுத்துவிடும். இங்கே கைகொடுப்பது, பொருளின்மீது விழும் ஒளியை அளக்கும் கையடக்க ஒளிமானி. அதன் வெண்குமிழ், மூன்று பரிமாணமுள்ள ஒரு முகத்தின்மீது ஒளி எப்படி விழுமோ அப்படியே எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் ஒளியைச் சேர்த்துக்கொள்கிறது. பொருள் பொன்னா கரியா என்பது அதன் கணக்கில் வருவதே இல்லை. சிலையின் முகத்துக்கருகே போய் அளக்க முடியாதே என்ற கவலையும் வேண்டாம். சிலையின்மீது விழும் வெயில்தான் கீழே நிற்கும் உங்கள்மீதும் விழுகிறது; குமிழைச் சிலையின் முகம் பார்க்கும் அதே திசையில் நீட்டினால் போதும். குமிழை வானத்தை நோக்கியோ விளக்கை நோக்கியோ பிடிப்பது பலர் செய்யும் தவறு. பொருளிருக்கும் இடத்திலிருந்து கேமராவை நோக்கிப் பிடிப்பதே பொதுவான முறை.

272 படிகள் ஏறிக் குகைக்குள் போனதும் இந்த முறை பயன்படாது. உட்புறக் கோடியில் மேற்கூரை திறந்திருக்கும் இடத்தில் ஒளி கொட்டுகிறது, நீங்கள் நிற்கும் இடமோ இருட்டு. உங்கள்மீது விழும் ஒளியை அளந்து அங்குள்ள சன்னதியைப் படமெடுக்க முடியாது. அங்கே ஒரு பாகை கோணத்தை மட்டும் அளக்கும் புள்ளி ஒளிமானியோ, கேமராவின் புள்ளி அளவீடோ வேண்டும். ஒளி விழும் பாறையையும், விவரம் தெரிய வேண்டிய இருண்ட பகுதியையும் தனித்தனியே அளந்து இடைவெளியைப் பாருங்கள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்களான ஆன்சல் ஆடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டி வகுத்த மண்டல முறையின் அடிப்படை இதுதான்: ஒளிமானி எதைக் காட்டினாலும் அது ஐந்தாம் மண்டலமான நடுச்சாம்பல், அதை எந்த மண்டலத்தில் வைப்பது என்பதைப் படமெடுப்பவர் முடிவு செய்கிறார். விவரமுள்ள நிழலை மூன்றாம் மண்டலத்தில் வைக்க விரும்பினால், அதை அளந்து வந்த அளவிலிருந்து இரண்டு ஸ்டாப் குறைக்க வேண்டும். இது நெகட்டிவ் பிலிமுக்குரிய வழி. டிஜிட்டலிலும் ஸ்லைடு பிலிமிலும் வெளிச்சப் பகுதியை முதலில் காப்பாற்ற வேண்டியிருப்பதால், பிரகாசமான பாறையை அளந்து அதிலிருந்து தொடங்குவதே பாதுகாப்பானது.

முகங்கள் மட்டும் சரியாக வரவில்லை

மேலைநாட்டுப் பயிற்சி நூல்களில் முகத்தைப் புள்ளி அளவீட்டால் அளந்து ஒரு ஸ்டாப் கூட்டுங்கள் என்று எழுதியிருக்கும். அது வெள்ளையர் தோலுக்கான கணக்கு. நம்மவர்களில் பலருடைய முகத்தோல் நடுச்சாம்பலை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருப்பதால், அப்படிக் கூட்டினால் முகம் வெளிறி, தோலின் இயல்பான செழுமை போய்விடும். மாநிறத்தவருக்கு அளந்ததை அப்படியே வைப்பதும், கருத்த நிறத்தவருக்கு அரை முதல் ஒரு ஸ்டாப் குறைப்பதும் பொருந்தும். உள்ளங்கையை அளந்து ஒரு ஸ்டாப் கூட்டும் முறை இங்கே ஓரளவு நம்பத்தக்கது, ஏனெனில் முகத்தின் நிறம் எதுவாயினும் உள்ளங்கைகள் அவ்வளவாக வேறுபடுவதில்லை. முகத்தில் படும் ஒளி கையிலும் அப்படியே படும்படி பிடிக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

கல்யாண மேடையில் இதற்கு எதிரான தொல்லையும் உண்டு. பின்னணி அலங்காரத்தில் பதித்த சரவிளக்குகளோ, ஹோமத் தீயோ சட்டத்துக்குள் வந்தால், கேமரா அவற்றையும் கணக்கில் எடுத்து எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். மணமகனின் பட்டு வேட்டி, மணமகளின் அரக்குச் சேலை, தலை நிறைய மல்லிகை என்று பக்கத்துப் பக்கத்தில் எல்லா நிறங்களும் இருக்கும் அந்த இடத்தில், திரும்பி வரும் ஒளியை ஒவ்வொரு படத்துக்கும் அளந்துகொண்டிருப்பது வீண் வேலை. சடங்கு தொடங்குமுன் மேடையில் ஏறி, மணமக்கள் உட்காரும் இடத்தில் வெண்குமிழைக் கேமராவின் பக்கம் நீட்டி ஒருமுறை அளந்து, அந்த அளவைக் கைமுறையாக வைத்துவிட்டால், விளக்குகள் மாறும்வரை அதைத் தொட வேண்டியதில்லை.

எல்லாப் படங்களும் ஒரே அளவுக்குத் தவறுகின்றன

இது மிக எளிதாகத் தீரும் வகை. முதலில் ஐஎஸ்ஓ எண்ணைப் பாருங்கள். பழைய ஒளிமானிகளில் ஏஎஸ்ஏ (அமெரிக்க முறை), டிஐஎன் (ஜெர்மானிய முறை) என்று இரண்டு உணர்திறன் எண் வரிசைகள் இருக்கும். 100 ஏஎஸ்ஏ என்பது 21 டிஐஎன், 400 என்பது 27. கருவியின் சிறு சன்னலில் தெரியும் எண் எந்த வரிசையைச் சேர்ந்தது என்று தெரியாமல் வைத்தால் தவறு பல ஸ்டாப் வரை போகும். அடுத்து, முன்பொரு நாள் வைத்த ஒளித்திருத்தம் கேமராவில் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். செகோனிக் எல்-398 போன்ற ஊசிக் கருவிகளில், கடும் வெயிலுக்கென்று செருகும் துளைத்தகடு உள்ளே இருக்கிறதா, இருந்தால் அதற்குரிய குறியை வைத்துத்தான் வாசிக்கிறீர்களா என்று கவனிக்க வேண்டும். செல்லை முழுவதும் மூடும்போது ஊசி பூச்சியத்தில் நிற்காவிட்டால், பின்புறமுள்ள சிறு திருகால் அதைத் திருத்தலாம்.

கையடக்க ஒளிமானிக்கு லென்ஸின் முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. போலரைசர் வடிகட்டி ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரையும், மஞ்சள் வடிகட்டி ஏறத்தாழ ஒரு ஸ்டாப்பும், அடர் சிவப்பு மூன்று ஸ்டாப்பும் விழுங்கும். அவற்றை நாம்தான் கூட்ட வேண்டும். பொருளின் உண்மை அளவிலேயே பிம்பம் விழும்படி நெருங்கிப் பூவையோ நகையையோ எடுத்தால், லென்ஸ் முன்னே நீள்வதால் இரண்டு ஸ்டாப் குறைகிறது. லென்ஸ் வழியாகவே அளக்கும் கேமராக்களுக்கு இந்தக் கணக்குகள் தேவையில்லை, ஒரு விலக்கைத் தவிர: காட்மியம் சல்ஃபைடு செல் சிவப்பை மிகையாக உணர்வதால், சிவப்பு வடிகட்டி போட்டு அளந்தால் ஒளி போதாத, மெலிந்த நெகட்டிவ்தான் கிடைக்கும். வடிகட்டியைக் கழற்றி அளந்து மூன்று ஸ்டாப் கூட்டுங்கள்.

நிழலில் சரி, வெயிலில் தவறு. அல்லது அதற்கு நேர்மாறு

ஒளிமானியே உண்மையில் நோயுற்றிருப்பதன் அடையாளம் இதுதான். எந்த வகைச் செல் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முன்புறம் தேன்கூடு போன்ற கண்ணாடி இருந்து, பேட்டரிக்கு இடமே இல்லையென்றால் அது செலினியம். 1932இல் வெஸ்டன் நிறுவனம் வெளியிட்ட தன் முதல் மின் ஒளிமானியிலிருந்து ஒலிம்பஸ் டிரிப் 35 வரை பயன்பட்ட இது, விழும் ஒளியிலிருந்து தானே மின்சாரம் தருகிறது. நம் ஊரின் ஈரப்பதம் இதற்குப் பகை. ஈரம் புகுந்து விளிம்புகள் அரித்துப்போன செல், வெளிச்சத்தைக் குறைவாகக் காட்டும்; அதை நம்பி எடுத்த படங்கள் வெளுக்கும். மூன்று ஒளிநிலைகளிலும் குறை ஒரே அளவாக இருந்தால் ஐஎஸ்ஓ எண்ணை மாற்றி வைத்து ஈடுகட்டலாம். நிலைக்கு நிலை மாறினால் செல்லை மாற்றாமல் தீர்வில்லை. அதற்கு ஆகும் செலவில் வேறொரு ஒளிமானி வாங்கிவிடலாம் என்பதே என் கருத்து.

1960களிலும் 70களிலும் வந்த கேமராக்களில் பெரும்பாலும் காட்மியம் சல்ஃபைடு செல் இருக்கும். அது ஒளிக்கேற்பத் தன் மின்தடையை மாற்றிக்கொள்கிறதே தவிர மின்சாரம் தருவதில்லை. ஆகவே பேட்டரி வேண்டும். அந்தக் காலத்துப் பாதரச பேட்டரி தீரும்வரை 1.35 வோல்ட்டை ஏற்ற இறக்கமின்றித் தந்தது. சுற்றுச்சூழல் காரணங்களால் அது சந்தையிலிருந்து மறைந்துவிட்டது. அமெரிக்கா 1996இல் சட்டமிட்டு அதன் விற்பனையைத் தடுத்தது. இன்று கடைகளில் அதே அளவில் கிடைக்கும் அல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாக இறங்குகிறது. தொடக்கத்தில் கூடுதல் வோல்ட் ஊசியை மேலே தள்ள, ஒளிமானி வெளிச்சத்தை மிகையாகக் கணித்துப் படங்களை இருட்டாக்குகிறது. பேட்டரி தேயத் தேயத் தவறின் அளவும் மாறிக்கொண்டே போகிறது. இன்றைக்குச் சரி, அடுத்த மாதம் தவறு என்ற குழப்பத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. காது கேட்கும் கருவிக்கான 675 எண் துத்தநாக-காற்று பேட்டரி 1.4 வோல்ட் அளவில் நிலையாக இருக்கும். மருந்தகங்களில் கிடைக்கும், விலையும் குறைவு, ஆனால் ஒட்டுத்தாளைப் பிரித்தவுடன் அதன் ஆயுள் தொடங்கிவிடுவதால் சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். சில்வர் ஆக்சைடு பேட்டரி 1.55 வோல்ட்டில் நிலையாக நிற்கும். அதை உள்ளே டயோடு வைத்த வளையத்தில் போட்டால் வோல்ட் 1.35ஐ ஒட்டி இறங்கும். அடிக்கடி படமெடுப்பவருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். மூன்றாவது, பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து ஒளிமானியையே 1.55 வோல்ட்டுக்குத் திருத்திக்கொள்வது. 1964இல் வந்த பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் போன்ற சில கேமராக்களின் சுற்று, வோல்ட் மாறினாலும் அளவு மாறாதபடி அமைக்கப்பட்டது; அவற்றுக்கு இந்தக் கவலையே இல்லை.

காட்மியம் சல்ஃபைடுக்கு இன்னொரு குணமும் உண்டு. கடும் வெளிச்சத்தைப் பார்த்த பிறகு சிறிது நேரம் அதன் தாக்கம் செல்லில் தங்கியிருக்கும். வெயிலிலிருந்து நேரே பத்துமலைக் குகைக்குள் போய் உடனே அளந்தால், உள்ளே இருப்பதைவிட அதிக வெளிச்சம் இருப்பதாகக் காட்டும். லென்ஸ் மூடியைப் போட்டுக்கொண்டு ஏறி, உள்ளே போய்ச் சில நிமிடங்கள் கழித்து அளப்பது நல்லது. சிலிக்கன் செல்லுள்ள பிந்தைய கருவிகளில் இது கிடையாது.

ஊசி அசைவதில்லை அல்லது துள்ளுகிறது

பேட்டரி அறையைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் வெள்ளை அல்லது பச்சைப் படிவம் கண்ணில் படும். அல்கலைன் பேட்டரி கசிந்தது காரத்தன்மை உடையது என்பதால், பஞ்சுக் குச்சியில் சிறிது வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் சுத்தம் செய்து, நன்றாக உலரவிட வேண்டும். தொடர்பு முனை பளபளப்பாகத் தெரிந்தும் ஊசி அசையாவிட்டால், உள்ளே போகும் கம்பியே அரித்திருக்கலாம். அதைப் பற்றவைக்கத் தெரிந்தவரிடம் விடுவது மேல். பயன்படுத்தாத கருவியில் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள். 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைக்கும் உலர்பெட்டி, லென்ஸைப் பூஞ்சையிலிருந்தும் ஒளிமானியை அரிப்பிலிருந்தும் சேர்த்தே காக்கும்.

ஒரே காட்சி, படத்துக்குப் படம் வேறு வெளிச்சம்

மலேசியாவின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மலிவான எல்இடி விளக்குகளும் பழைய குழல்விளக்குகளும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. ஒளிமானி சராசரியைக் காட்டுகிறது. 1/500 நொடியில் திறந்து மூடும் ஷட்டரோ, அந்தச் சுழற்சியின் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் பிடிக்கிறது. அது உச்சமா பள்ளமா என்பது தற்செயல். ஷட்டர் வேகத்தை 1/100க்கோ 1/50க்கோ இறக்கினால் முழுச் சுழற்சிகள் அடங்கிப் படங்கள் சமமாகும். வேகமாக அணைத்தும் எரியவிட்டும் (எண்முறைத் துடிப்பால்) மங்கலாக்கப்படும் மேடை விளக்குகள் வேறு கதை. அவற்றின் துடிப்பு மின்சாரத்தோடு ஒட்டாததால், சோதித்துப் பார்த்துத்தான் வேகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபிளாஷ் ஒளியைச் சாதாரண ஒளிமானி அளக்காது. அதற்கென்று அமைந்த ஃபிளாஷ் ஒளிமானி வேண்டும்.

தவறு குறிப்பிட்ட வேகங்களில் மட்டும் வருகிறது என்றால் மேலே சொன்ன எதுவும் காரணமன்று. பழைய கேமராக்களில் எண்ணெய் பிசுபிசுத்து 1/15க்குக் கீழே ஷட்டர் இழுத்துக்கொண்டு போவது சாதாரணம்.

இரவுப் படங்கள் இருண்டு வருகின்றன

முக்காலியில் கேமராவை வைத்துக் கண்ணை எடுத்துவிட்டு அளந்தால், பின்னாலிருக்கும் தெருவிளக்கின் ஒளி காட்சிக்கண்ணாடி வழியே நுழைந்து ஒளிமானியை ஏமாற்றும். அதை மூடிவிட்டு அளக்க வேண்டும். பிலிமில் இன்னொரு காரணமும் இருக்கிறது. நீண்ட நேரத் திறப்பில் பிலிமின் உணர்திறன் குறைகிறது, ஒளிமானிக்கு அது தெரியாது. இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் பிலிமுக்கு அளந்த நொடிகளின் 1.31ஆம் அடுக்கைக் கொடுக்க வேண்டும் என்பது அதைத் தயாரிப்பவர்கள் தரும் கணக்கு: ஜார்ஜ் டவுன் படகுத்துறையில் இருட்டியபின் ஒளிமானி 10 நொடி காட்டினால் 20 நொடி, 30 நொடி காட்டினால் சுமார் 86 நொடி.

இரண்டு ஒளிமானிகள் ஒத்துப்போகவில்லை

வேறுபாடு சிறிதாக இருந்தால் இரண்டும் சரியாகவே இருக்கலாம். திரும்பி வரும் ஒளியை அளக்கும் கருவிகளுக்கு நிக்கான், கேனன், செகோனிக் ஆகியவை 12.5 என்ற மாறிலியையும், பென்டாக்ஸும் மினோல்டாவும் 14ஐயும் பின்பற்றின. அதனாலேயே ஆறில் ஒரு ஸ்டாப் வேறுபடும். 18 விழுக்காட்டுச் சாம்பல் அட்டையை அளந்ததற்கும் வெண்குமிழால் அளந்ததற்கும் அரை ஸ்டாப் வரை இடைவெளி வருவதும் இயல்பே. கைப்பேசிச் செயலிகள் கைப்பேசிக் கேமராவைக் கொண்டே அளப்பதால், அவையும் மேலே சொன்ன வெள்ளை வேட்டிச் சிக்கலில் அகப்படும். மற்றபடி ஒருமுறை ஒப்பிட்டுத் திருத்தி வைத்துவிட்டால் போதுமான அளவுக்குத் துல்லியமானவை. மூன்றில் ஒரு ஸ்டாப்புக்கு உட்பட்ட நிலையான வேறுபாட்டுக்காகக் கருவியைத் திறக்க வேண்டாம். ஐஎஸ்ஓ வளையத்தை ஒரு கோடு நகர்த்தி, நகர்த்தியதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கருவியின் பின்புறம் ஒட்டிவிடுங்கள்.